சீர்த்தட்டில் வந்த கம்ப்யூட்டர்

— இப்ப அமுக்கட்டுமா தம்பி?

— அமுக்குக்கா.

— ம்ஹூம். மூச்சே விடல.

— மானிட்டர்ல லைட் எரியுது, இந்தப் பெட்டியில மட்டும் ஒரு ஃபேன் கூட அசையல. திருமங்கலத்துல நம்ம கடைல மாட்டி ஓட விட்டுப் பாத்துட்டுத்தான் கழட்டுனேன்.

— நல்லா ஓடுனதை எதுக்கு ராசா கழட்டுன?

— ஒத்தைப் பெட்டியாத் தூக்கிட்டு வந்தா, பால்காய்ப்புக்கு வந்திருக்க ஒன் மாமியா வீட்டுச் சனம் என்ன சொல்லும்? முனீஸ்வரிக்குத் தாய்வீட்டுச் சீரு ஒரு தட்டுத்தானான்னு கேக்கும்ல. அதான் பார்ட்டு பார்ட்டாப் பிரிச்சுத் தட்டுல வச்சுக் கொண்டாந்தேன்.

— மதர்போர்டுக்குப் பூச்சரம் சுத்துன மொத ஆளு நீயாத்தான் இருப்ப. எங்க பெரிய நாத்தனா அந்த ஃபேனை எடுத்துப் பாத்துட்டு, இது மிக்ஸியில எந்த எடத்துல மாட்டுறதுன்னு கேக்குறா.

— சிரி, நல்லாச் சிரி. ஆமா, இந்த ரேம்ல யாரு சந்தனம் தடவுனது?

— நாந்தான். சீருல்ல? பொட்டு வைக்காம எப்பிடி வாங்குறது?

— அஸ்வினி பென்சில் டப்பால ரப்பர் கெடக்கும், எடு. தொடச்சுப் பாப்பம்.

— இந்தா. எம் மக காலேஜ் போயும் இந்த டப்பாவை விடல. என்ன, அதுதான் கோளாறா?

— இல்ல போல.

— விடு, பெறகு பாத்துக்கலாம். பந்தி நடக்குது, ஒரு வாய் சாப்ட்டு வந்துரு.

— வேணாங்க்கா. இதை ஓட விட்டுட்டுக் கெளம்புறேன்.

— எப்பவும் இதேதான். தட்டை எறக்குற, சாமி கும்புடுற, போயிர்ற. அன்னைக்குக் கோயில் பந்தியில ஒன் மச்சான் ஒரு வார்த்தை சொன்னதுலேருந்து எங்க வீட்டுல நீ கை நனைச்சதே இல்ல.

— ஒரு வார்த்தையாக்கா? ஊரே உக்காந்திருக்க எடத்துல, ஓட்ட டப்பாவை நோண்டுறவனெல்லாம் எனக்குச் சமமா உக்காருறான்னாரு. பாதிச் சோத்துல எந்திரிச்சேன்.

— தப்புத்தான். அவருக்கு வக்காலத்து வாங்க நான் வரல. ஆனா எனக்குன்னு இருக்கது நீ ஒருத்தன். புது வீட்டுல நீ சாப்புடாமப் போனா, பால் பொங்குனா என்ன, பொங்காட்டி என்ன?

— அழுகாதக்கா. விசேச வீடு.

— நான் ஒண்ணும் அழுகல. நீ வேலையைப் பாரு.

— அந்த ஸ்குரூ டிரைவரை எடு. பட்டன்ல கோளாறான்னு நேரா போர்டுல தொட்டுப் பாக்குறேன்.

— ஐயையோ, சாக்கடிச்சிராம.

— இப்ப அடிக்காது. பாரு, இதுக்கும் அசையல. இனி பவர் சப்ளை ஒண்ணுதான் பாக்கி, அதைக் கழட்டிருவமா?

— அதைத் தொடாத.

— ஏன்?

— பாண்டி, செத்த இங்க பாரு. ஹால்ல ஒருத்தர் எலையைப் போட்டு உக்காந்திருக்காரு. பக்கத்துல இன்னொரு எலை சும்மா கெடக்கு. மாப்ள வந்தாத்தான் கை வைப்பேன்னுட்டாரு. மொதப் பந்தியே எந்திரிச்சுப் போயிருச்சு.

— யாரு, மச்சானா?

— வேற யாரு? நீங்களே போய்க் கூப்புடுங்களேன்னேன். எம் மூஞ்சியைப் பாத்ததும் கெளம்பிட்டான்னா என்ன பண்றது, நீ எப்பிடியாச்சும் புடிச்சு வையிடின்னாரு. கண்ணு கலங்கிப் போச்சு மனுசனுக்கு.

— எப்பிடிப் புடிச்சு வச்ச?

— எல்லாத்தையும் மாட்டிட்டு பின்னாடி ஒரு சின்னச் சுச்சைப் போட்டேல்ல. நீ வண்டியில இருந்து வயரு எடுக்கப் போன நேரம் பாத்து நாந்தான் அதை அமத்திட்டேன். கோவிச்சுக்காத சாமி. நீ பாட்டுக்குத் தொடைக்கவும் தொட்டுப் பாக்கவுமா அல்லாடுறதைப் பாத்து எனக்கே பொறுக்கல.

— கை எங்கக்கா கழுவுறது?

— அந்தா, பின்னாடி கொழா இருக்கு. கோவமில்லையே தம்பி?

— என்னத்தக் கோவம்? கம்ப்யூட்டர் ஓடலைன்னா எந்த மெக்கானிக்கும் மொதல்ல பாக்குறது அந்தச் சுச்சைத்தான். நானும் மொதல்லயே பாத்துட்டேன்க்கா.