வலப்பக்கம் விழுந்த நிழல்

அவைத் தலைவர் அவர்களே, வினிஃப்ரெட் கேரோ அம்மையாரின் தம்பி அவர்களே, பெர்மண்ட்சி கடைத்தெருவில் கடைகளை அடைத்துவிட்டு இந்த நினைவுக் கூட்டத்துக்கு வந்திருக்கும் நண்பர்களே, வணக்கம். பதினெட்டு ஆண்டுகள் அம்மையாரின் அச்சுக்கூடத்தில் பட்டுத்திரைமேல் மை இழுத்தவன் நான், ஐவர் டிண்டல். மேடைக்குப் புதியவன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அழகு எங்கே என்று கேட்டால் மற்ற ஓவியர்கள் வானத்தைக் காட்டுவார்கள். நம் அம்மையார் எதைக் காட்டினார்? மீன்கடைப் பலகையைக் காட்டினார்! 'இங்கே வண்டி நிறுத்தாதே' என்ற தகரத்தைக் காட்டினார்! நாம் படித்துவிட்டுப் பார்க்காமலே போகும் எழுத்துகளைப் பெரிதாக்கி, பட்டுத்திரை வழியே அச்சிட்டு, நம்மை நின்று பார்க்க வைத்தார்.

அவருடைய முதல் பெரிய கண்காட்சி. நடுச்சுவரில் 'உயிருள்ள விலாங்கு' என்ற படம். சிவப்பு எழுத்து, மஞ்சள் நிழல். கீழே பென்சிலால் அவர் கையெழுத்து. வண்ணக்கறை படிந்த மேல்சட்டையோடு ஒருவர் வந்து அதன் முன் நின்றார். பெயர் ஸ்டான்லி பொக்காக், பலகை எழுதுபவர்.

"நிழல் வலப்பக்கம் விழுது பாருங்கம்மா. எங்க தொழில்ல எல்லாரும் இடப்பக்கம்தான் போடுவாங்க. நான் இடக்கைக்காரன். இது என் எழுத்து."

ஒரு படத்தைக் கையில் கொடுத்து ஆளை அனுப்பிவிடலாம் என்று அம்மையாரின் காதில் சொன்னேன். சொன்னவன் நான்தான். இன்றும் வெட்கமாக இருக்கிறது.

"யாருமே எழுதாம தானா முளைச்ச எழுத்துன்னு நெனச்சிட்டேன், ஐவர்," என்றார். பிறகு பொக்காக்கைத் தம் பெயருக்குப் பக்கத்திலேயே கையெழுத்திடச் சொன்னார். ஒரு படத்துக்கு ஒரு பெயர்தான், இல்லையென்றால் கழற்றுங்கள் என்றார் கண்காட்சிக் கூடத்தின் உரிமையாளர். அம்மையார் வாதாடவில்லை. இருபத்திரண்டு படங்களையும் அன்று மாலையே கழற்றினார். அந்தக் கூடம் அவரை மறுபடி கூப்பிடவே இல்லை. அதற்காக அவர் ஒருநாளாவது வருந்தினாரா? நான் பார்த்ததில்லை. அதன்பின் எழுதியவரைத் தேடிப் பிடிக்காமல் ஒரு பலகையையும் அவர் அச்சிட்டதில்லை.

கடைசியாக அவர் அச்சிட்ட படமும் பொக்காக்கின் பலகைதான். நாற்பது தாள்கள். கையெழுத்திடுமுன் அம்மையார் போய்விட்டார். அவர் பெயரை முத்திரையாகக் குத்தினால் நல்ல விலை போகும் என்று யோசனை வந்திருக்கிறது. குத்த மாட்டோம்! எழுதியவரின் பெயரில்லாமல் எந்த எழுத்தும் இனி எங்கள் அச்சுக்கூடத்தை விட்டு வெளியே போகாது. இது அம்மையார்மீது சத்தியம்.

பொக்காக் ஐயா, கடைசி வரிசையில் ஏன் உட்கார்ந்திருக்கிறீர்கள்? மேடைக்கு வாருங்கள். நாற்பது தாள்களிலும் நீங்கள் கையெழுத்திடுங்கள். பக்கத்தில் அவருடைய இடம் அப்படியே காலியாக இருக்கட்டும்.