சுலபமா ஒண்ணு வேணுமாம்

அதக் கீழ வைங்க, டான் அன்செல்மோ. அட்டையில சூரியன் மறையுற படம் போட்ட புத்தகத்துல நல்ல பாட்டு இருந்து நான் பாத்ததில்ல. சுலபமான கிட்டார் இசைன்னு தங்க எழுத்து வேற. அல்ஹாம்ப்ரா கோட்டையப் பாத்துட்டு இந்தச் சரிவுல எறங்கி வர்ற வெளியூர்க் கூட்டத்துக்காக வாங்கி அடுக்கினது. கடைன்னு இருந்தா குப்பையும் விக்கணும். அதுக்காக எங்க அக்கா முன்னால வாசிக்கப் போற மனுஷன் அதத் தொடலாமா?

தெரியும், எல்லாம் தெரியும். அக்கா டொரோத்தேயா என்ன சொன்னான்னு எனக்குத் தெரியாம இருக்குமா? வர்ற ஞாயிறு இல்ல, அதுக்கு அடுத்த ஞாயிறு வீட்டுக்கு வாங்க, ஒரே ஒரு பாட்டு, ஆரம்பிச்சா நிறுத்தாம முடிக்கணும், அப்புறம் கல்யாணத்தப் பத்திப் பேசலாம்னிருக்கா. இந்தக் கிரனாதா ஊருல பாதிப் பேருக்கு கிட்டார் சொல்லிக் குடுத்தவ அவ. நீங்க ஆயுசு பூரா மருந்துக்கடையில மாத்திரை எடுத்துக் குடுத்தவரு. போன குளிர்காலத்துலதான் மொதமொதல்ல கிட்டாரையே தொட்டீங்க. நாளைக்கு உங்கள நான் அத்தான்னு கூப்பிடணுமாக்கும்! சிரிக்கல, சிரிக்கல. இருமல்.

அது என்ன கையில? சிம்ஃபனியா? ஒரு மேடை நெறைய ஆளுங்க உக்காந்து ஊதி, இழைச்சு, முழங்கினத ஒரு பக்கத்துல சுருக்கி வெச்சிருக்கான். யானையச் செரச்சு எலின்னு விக்கிறான், நீங்களும் வால் நல்லாருக்குன்னு வாங்க வந்துட்டீங்க.

அந்த வால்ட்ஸ் நடனப் பாட்டா? நெனச்சேன். எல்லாரும் அதுலதான் வந்து நிப்பாங்க. முதல் பாதி சோகமா, சுலபமாப் போகும். தந்தியெல்லாம் சும்மா கெடக்க, ஒத்த விரல் அங்கயும் இங்கயும் நகந்தாப் போதும். ரெண்டாம் பாதியிலதான் சந்தோஷம் வருது. அங்க ஆள்காட்டி விரலக் குறுக்கப் படுக்கப்போட்டு ஆறு தந்தியையும் ஒண்ணா அமுக்கணும். அந்த எடம் வந்ததும் ஆளாளுக்கு, அவ்வளவுதான் பாட்டுன்னு எந்திரிச்சுருவாங்க. அந்தப் பாட்டுக்குள்ள ஒரு சந்தோஷம் இருக்குன்னு இந்த ஊருல எத்தன வீட்டுக்குத் தெரியாது, தெரியுமா?

உங்களால முடியுமா? சரி, சுவத்துல தொங்குற கிட்டார எடுங்க. அமுக்குங்க பாப்போம்... ம்ம். ஒரு தந்தி பேசுது, மத்தது எல்லாம் வெறும் கட்டச் சத்தம். உங்க முகம் வேற வெளக்கெண்ண குடிச்ச மாதிரி போகுது. போதும், மாட்டுங்க.

எவுலாலியா, கொஞ்சம் தயவு பண்ணுங்கன்னு எங்கிட்டக் கெஞ்சாதீங்க. இந்தாங்க, இது. பயிற்சின்னு போட்டிருந்தா மூஞ்சி ஏன் இப்படிச் சுருங்குது? நெலா, ரோஜா, பிரிவுன்னு பேரு வெச்சா சூடான ரொட்டி மாதிரி போகுது. பயிற்சின்னு வெச்சா நாதியில்ல. இத எழுதினவன் சின்னப் பிள்ளைங்களுக்காக எழுதினான். பிள்ளைங்களுக்கு எழுதுறப்ப பகட்டு வராது. அதனாலதான் இது இவ்வளவு அழகா இருக்கு. உங்களுக்கெங்க அதெல்லாம்.

இருங்க, கையக் காட்டுங்க. அது இல்ல, வலது கை. நகம் எங்க?

வெட்டிட்டீங்களா! கடவுளே. பொண்ணு கேக்கப் போறோம், சுத்தமா இருக்கணும்னு பத்து விரலையும் ஒட்ட வெட்டிட்டு வந்து நிக்கிறீங்க. ஒட்ட வெட்ட வேண்டியது எடது கைய, ஐயா. வலது கையில நகம் இல்லாம எதால மீட்டுவீங்க? மூக்காலயா? ஓ, மருமக வெட்டி விட்டாளா. நீங்களும் ஆட்டுக்குட்டி மாதிரி நீட்டிக்கிட்டு உக்காந்திருந்தீங்களாக்கும்.

சரி, சரி. உக்காருங்க. இந்த வயசுல கண்ணக் கசக்காதீங்க, பாக்கச் சகிக்கல. விரல் சதையாலயும் மீட்டலாம். சத்தந்தான் வராது, பஞ்சு மூட்டையத் தட்டின மாதிரி இருக்கும். எதிர நாற்காலி போட்டு உக்காந்தாக்கூட சரியாக் கேக்காது.

அது பரவால்ல. அவளுக்கு எப்படியும் கேக்காது.

கேக்காதுன்னா கேக்காதுதான். போன வருஷம் இலையெல்லாம் உதுரும்போதே ரெண்டு காதும் போயிருச்சு. வெளிய ஒருத்தருக்கும் தெரியாது. உங்ககிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு எங்கிட்டச் சத்தியம் வாங்கியிருக்கா. சாப்பாட்டு மேசையில நானும் வெறும் ஒதட்டத்தான் அசைக்கிறேன், சத்தம் வர்றதில்ல. பழகிருச்சு.

அதனாலதான் இந்தப் பயிற்சியக் குடுத்தேன். இதுல வலது கையில ரெண்டு விரலும் மாறி மாறிப் போகணும், நடக்குற காலு மாதிரி. ஒரே விரலால ரெண்டு தரம் மீட்டினா எந்தக் காதுக்கும் தெரியாது. அவ கண்ணுக்குத் தெரியும். எந்திரிச்சுப் போயிருவா.

ஆத்தங்கரையில நடக்குறப்ப நீங்க பேசப் பேச அவ உங்க வாயவே பாத்துக்கிட்டு வந்தாளே, அத ஆசைன்னு நெனச்சீங்களா? அதுவும் இருக்கலாம். நான் என்ன கண்டேன்.

போங்க, கடைய அடைக்கணும். போயி நகத்த வளருங்க, வளந்த மட்டும் வளரட்டும். அந்த மீசைய மட்டும் நல்லாக் கத்தரிச்சிருங்க. மேல் ஒதடு தெரியமாட்டேங்குதாம். நீங்க சொல்றதுல பாதி அவளுக்குப் புரியலயாம்.