அந்தத் தொக்கை அளந்து பார்த்தவர் யார்?

அன்பால் இந்த அவையை ஆளும் தலைவர், எங்கள் பெண்கள் விடுதிக் காப்பாளர் நஞ்சம்மா அவர்களே. இந்த விடுதி விழாவுக்கு அரிசியும் பருப்பும் அள்ளித் தந்துவிட்டுப் பின்வரிசையில் போய் ஒளிந்துகொண்ட மளிகைக்கடை முனீர் அகமது பாய் அவர்களே. மகள்களைப் பார்க்க ஊரிலிருந்து வந்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே. இரவு ஷிஃப்ட் முடித்து உறங்காமல் வந்திருக்கும் என் தோழியரே. தமிழிலே திட்டினாலும் கன்னடத்திலே திட்டினாலும் தெலுங்கிலே திட்டினாலும் தவறாமல் புரிந்துகொள்ளும் ஓசூர்ப் பெருமக்களே, உங்கள் எல்லோருக்கும் இந்த மாதேஸ்வரியின் வணக்கம்.

இனிமையாகப் பேசு என்று தலைவர் சொல்லித்தான் மேடையேற்றினார். மன்னியுங்கள் அக்கா, இன்று காரமாகத்தான் வரும்.

நான் வண்டிப் பாகங்கள் செய்யும் கம்பெனியில் தரம் பார்க்கிறவள். ஒரு போல்ட் என் மேசைக்கு வந்தால் அளப்பேன். ஐயம் வந்தால் மறுபடி அளப்பேன். மயிரிழை பிசகினாலும் சிவப்புப் பெட்டியில் போட்டுவிடுவேன். இரும்புக்கே இத்தனை காவல் என்றால், இரைப்பைக்கு எத்தனை காவல் வேண்டும்?

இதோ முன்வரிசையில் இருக்கிறார் முனிலட்சுமி அம்மா. ராயக்கோட்டைப் பக்கம் தக்காளி பயிரிடுகிறவர். அருகில் அவர் மகள் ரூபா, என் அறைத்தோழி. இருவரிடமும் கேட்டுக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன்.

திங்கட்கிழமை தோறும் எங்கள் கம்பெனி பஸ் டிரைவர் கையில் ஒரு பை வரும். அதில் முனிலட்சுமி அம்மா செய்த தொக்கோ துவையலோ இருக்கும். போன கோடையில் தக்காளி விலை விழுந்தது. சாலையோரம் கொட்ட மனம் வராமல் கூடை கூடையாக வீட்டுக்குச் சுமந்து வந்தார். ரூபாவோ, "எண்ணெ கம்மியா போடும்மா" என்று சொல்லியிருந்தாள். அம்மா செல்போனில் தேடினார். வந்தது ஒரு வீடியோ. எண்ணெய் வேண்டாம், உப்பு ஒரு சிட்டிகை போதும், வெளியிலேயே வையுங்கள், ஒரு வருடம் கெடாது என்றது. கீழே ஆயிரக்கணக்கில் 'சூப்பர் சிஸ்டர், சூப்பர் சிஸ்டர்'. "இத்தினி பேரு பொய்யா சொல்லுவாங்கன்னு நெனச்சேன்" என்றார் பிறகு என்னிடம்.

ஜாடி வந்தது. அலமாரியில் இருந்தது. கோடை வெக்கையில் புளித்தது. நான் ஷிஃப்டில் இருந்த நேரத்தில் ரூபா அதைச் சோற்றில் பிசைந்து சாப்பிட்டாள். நான் திரும்பி வந்தபோது அவள் ஆஸ்பத்திரியில், கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. "வாசனையே சரியில்லையே, ஏன்டி சாப்பிட்டே?" என்று கேட்டேன்.

"எங்கம்மா அனுப்புனது அக்கா. எப்பிடிக் கொட்டறது?"

அந்தப் பதில் எனக்கு இன்னும் ஆறவில்லை. அன்றோடு பை நின்றது. பை எங்கே என்று பஸ் டிரைவர் வாரந்தோறும் கேட்பார், ரூபா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். பெற்றவள் தன் கையையே நம்பாமல் போனாள்.

நான் விட்டேனா? அந்த வீடியோவின் கீழே எழுதினேன். என் தோழி ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், இதை நீங்கள் வெளியில் வைத்துப் பார்த்தீர்களா என்று கேட்டேன். பதில் என்ன தெரியுமா? 'உங்க கை சுத்தமில்ல சிஸ்டர்.' பக்கத்தில் ஒரு சிரிக்கும் பொம்மை. கொஞ்ச நேரத்தில் என் கேள்வியே காணாமல் போனது. வீடியோ மட்டும் இன்றும் இருக்கிறது.

கை சுத்தமில்லையாம். நாற்று நட்ட கை, நீர் பாய்ச்சிய கை, நம் எல்லோர் வீட்டுக் குழம்புக்கும் தக்காளி பறித்துத் தந்த கை. அதுவா சுத்தமில்லாதது? காலையில் கிளறி, மாலையில் வீடியோ போட்டு, ஒரு வருடம் கெடாது என்று சொன்னாரே, அந்த ஒரு வருடத்தை அவர் எங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்?

பாய் பின்னாலிருந்து கேட்கிறார், "அப்ப போனைப் பார்க்கவே வேணாங்கறியாம்மா?" அப்படி இல்லை பாய். உங்கள் கடை அரிசியில் நான் செய்யும் பிரியாணியே போனில் பார்த்துக் கற்றதுதான். ஆனால் அதைச் சொல்லித்தந்த பெண்மணி எத்தனை பேருக்கு, எந்தப் பாத்திரம், எங்கே தனக்கு அடிபிடித்தது என்று சொன்னார். கேட்டால் பதில் சொன்னார். செய்து பார்த்தவர் பேச்சு அப்படித்தான் இருக்கும். அளந்து பார்க்காத அலங்காரப் பேச்சில் தவறு ஒன்றுகூட இருக்காது.

எனக்கு அந்தத் தொக்கு வீடியோ போட்டவரைவிடக் கோபம் யார்மேல் தெரியுமா? அடுப்பைப் பற்றவைக்காமல், அகப்பையைத் தொடாமல், நாக்கில் ஒரு துளி படாமல் 'சூப்பர்' என்று எழுதிய அந்த ஆயிரக்கணக்கானோர்மேல். அவர்களை நம்பித்தானே என் தோழியின் தாய் ஏமாந்தார்? ஏன், நம் அவையிலேயே சில தலைகள் குனிகின்றன. குனியட்டும். இனிமேல் சமைத்தபின் எழுதுங்கள். கெட்டுப்போனால் கெட்டுப்போனது என்று எழுதுங்கள். அழித்தால் மறுபடி எழுதுங்கள்.

இன்று உங்கள் இலையில் ஒரு தொக்கு விழும். முனிலட்சுமி அம்மா தன் பழைய பக்குவத்தில், எண்ணெய் மிதக்க, நேற்று கிளறியது. நான் கெஞ்சிக் கேட்டதால் மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார். ரூபாவுக்கு முதல் கரண்டி. பிறகு நாம். உப்புக் குறைந்திருந்தால் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். நன்றாக இருந்தால் மட்டும் நன்றாக இருக்கிறது என்று சொல்லுங்கள். அந்தச் சொல்லை அவர் நம்ப வேண்டும்.

என் காரத்தைப் பொறுத்துக்கொண்ட அவைக்கு நன்றி. தலைவருக்கு இருமடங்கு நன்றி. இலை போட்டாயிற்று, எழுந்திருங்கள். முனிலட்சுமி அம்மா, திங்கட்கிழமை பஸ்ஸில் பை வரவேண்டும். வணக்கம்.