கைமேல உக்காந்துக்கங்க மேடம்

இல்ல, நீங்களே சொல்லுங்க டிரைவரண்ணே, ஒரு கோச்சப் பாத்து வெளிய போன்னு சொல்ல அந்த ரெஃப்ரிக்கு என்ன தைரியம்! விசில வாயில வச்சுக்கிட்டா ராஜாவா? கைய நீட்டி கதவக் காட்டறான். என் டீம் புள்ளைங்க முன்னாடி! அத்தன கூட்டத்துக்கு முன்னாடி! கைப்பையக்கூட எடுக்க விடல. அந்த ஜன்னலக் கொஞ்சம் தொறந்து விடுங்க, வேத்துக் கொட்டுது. நல்லாத் தூங்கிட்டிருந்தீங்க, நான் வந்து பஸ் கதவத் தட்டி எழுப்பிட்டேன். என்ன பண்றது, ரூலு அப்படி. வெளிய அனுப்பின கோச் திரும்ப ஹாலுக்குள்ள கால் வச்சா, ஆட்டத்தையே அந்த டீமுக்குத் தூக்கிக் குடுத்துருவாங்க. இந்த வாசல்ல எனக்குன்னு இருக்கறது நம்ம காலேஜ் பஸ்ஸும் நீங்களும்தான்.

ஐயோ, கேட்டீங்களா? ஓன்னு சத்தம்! யாரு கத்தறது, நம்மாளுங்களா அவங்களா? ...ஒண்ணும் புரியலையே.

என்ன பண்ணேனா? ஒண்ணும் பண்ணலண்ணே. கோட்டத் தாண்டிக் கால வச்சுட்டேன். கொஞ்சம். அவ்ளோதான். அத விடுங்க, அது ஒரு பெரிய விஷயமா...

பெரிய விஷயம் என்னன்னா, இன்னிக்குத் தோத்தா அடுத்த வருஷம் நம்ம காலேஜுக்கு பாஸ்கெட்பால் டீமே கிடையாது. பிரின்சிபால் கூப்பிட்டு உக்கார வச்சு, தண்ணியெல்லாம் குடுத்து, சிரிச்சுக்கிட்டே சொல்றாரு. இந்தப் புள்ளைங்கள்ல பாதிப் பேரு இந்த பந்த நம்பித்தான் ஃபீஸ் இல்லாம படிக்குதுங்க. டீம் போனா சலுகையும் போச்சு. எனக்கென்ன, வேற எங்கயாவது போயி கத்துவேன். அதுங்க எங்க போகும்?

நான் இதுக்கு முன்னாடி இருந்த காலேஜ் இருக்கே, அங்க எல்லாம் ஒட்டகச்சிவிங்கிங்க. வாசப்படியில தலை இடிக்கும். அதுகளுக்கு என்ன ஆட்டம் சொல்லிக் குடுத்தேன்? மெதுவா. அவசரமே வேணாம். நீ அவகிட்ட குடு, அவ இவகிட்ட குடுக்கட்டும், எல்லாரும் அவங்கவங்க எடத்துல நின்னதும் உள்ள இருக்கற நெட்டச்சிகிட்ட பந்தக் குடு. அவ அலமாரி மேல டப்பா வைக்கிற மாதிரி கூடையில வச்சுட்டு வந்துருவா. ஏதாவது கொழப்பமா, உடனே நான் கையால ஒரு ஜாடை காட்டுவேன், டைம் அவுட்! ஆட்டத்த நிறுத்தி, எல்லாரையும் பக்கத்துல கூப்பிட்டு, ஒழுங்குபடுத்தி அனுப்புவேன். கோப்பையா வந்து குவிஞ்சுதுண்ணே. நானும் என்னமோ என் மூளையாலதான் ஜெயிச்சோம்னு நெனச்சுட்டேன். இப்பத்தான் தெரியுது, எல்லாம் அதுங்களோட காலு நீளம்.

இங்க வந்து மொத நாள் வரிசையா நிக்கச் சொன்னேன். நின்னுச்சுங்க. "சரி, எந்திரிச்சு நில்லுங்க"ன்னேன். "நின்னுட்டுத்தான் இருக்கோம் மேடம்"னுச்சுங்க. சிரிக்காதீங்கண்ணே! டீம்லயே நெட்டச்சி என் தோளத் தொடுவா, அதுவும் ஷூ போட்டு. அதுகள வச்சுக்கிட்டு நான் என்ன செஞ்சேன்? அதே ஆட்டம்! கூடைக்கு அடியில நில்லு, கையத் தூக்கு, மெதுவா, மெதுவான்னு. எதிர் டீம் புள்ளைங்க இதுங்க தலைக்கு மேலயே பந்த எடுத்துட்டுப் போகுதுங்க, பரண்ல இருந்து சாமான் எறக்கற மாதிரி. நான் என்னடான்னா, "இன்னும் கையத் தூக்குடி"ங்கறேன். இதுக்கு மேல தூக்கினா தோள்பட்ட கழண்டுரும்.

ஆனா ஓடுங்கண்ணே, இதுங்க! கேப்டன் ஒருத்தி, எல்லாரும் வண்டுன்னுதான் கூப்பிடுவாங்க. ஒரு எடத்துல நிக்க மாட்டா, ரீங்காரம் போட்டுக்கிட்டே சுத்துவா. பந்தப் பிடிச்ச மறு நிமிஷம் அந்தக் கோடியில இருப்பா. மத்ததுகளும் அவ பின்னாடியே பறக்குதுங்க. பாத்தா எனக்கு என்ன தோணும்? ஆஹா, என்னா வேகம்னா? அதான் இல்ல! ஐயையோ, கை மீறிப் போகுதேன்னு தோணும். ஒடனே டைம் அவுட்!

டைம் அவுட் கேட்டதும் அங்க மேஜையில ஒரு பஸர் அடிப்பாங்களே, அச்சு அசல் நம்ம பஸ் ஹாரன் மாதிரியே இருக்கும். காலையில நீங்க கேட்டுல ஹாரன் அடிச்சீங்கல்ல? ரெண்டு புள்ளைங்க பழக்க தோஷத்துல என்னப் பாத்து ஓடி வந்துருச்சுங்க. அவ்ளோ டைம் அவுட் எடுத்திருக்கேன் நானு.

எனக்குப் பின்னாடி ஒரு பேரு வச்சிருக்குதுங்க, தெரியுமா? செகப்பு லைட்டு. பாத்ரூம்ல பேசிக்கிட்டதக் கேட்டுட்டேன். கோவம் வந்துச்சு. வீட்டுக்குப் போயி எங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னா, மனுஷன் விழுந்து விழுந்து சிரிக்கறாரு. அவரு கார் ஓட்டக் கத்துக்கிட்டப்ப பக்கத்துல நான் உக்காந்திருந்தேன். ரோட்டுல காக்கா குருவி கெடையாது. நான் மட்டும் "பிரேக்கு... பிரேக்கு... ஏங்க, பிரேக்கு!" கடைசியில வண்டிய ஓரம் கட்டி, சாவிய என் கையில குடுத்துட்டு நடந்தே வீட்டுக்குப் போயிட்டாரு. அப்புறம் எங்கயோ காசு கட்டிக் கத்துக்கிட்டு லைசன்ஸும் வாங்கிட்டாரு. ஆம்லெட் போடறப்பகூட என்னை அடுப்படிப் பக்கம் விட மாட்டாரு. பாதி பொரட்டறப்ப "இருங்க, நில்லுங்க"ம்பேனாம். அந்த ஆம்லெட்டு எந்தப் பக்கமும் இல்லாம நடுவுல பிஞ்சு போகுமாம்.

இன்னிக்கு அந்த வண்டு என்ன சொன்னா தெரியுமா? ஆட்டம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி கிட்ட வந்து, பவ்யமா, "மேடம், தப்பா எடுத்துக்காதீங்க, கொஞ்ச நேரம் ஜாடை எதுவும் காட்டாம, கைமேல உக்காந்துக்கங்க மேடம்"ங்கறா. எங்கிட்ட! எனக்கு மூக்கு மேல கோவம். "ஒழுங்காப் போயி ஆடுடி"ன்னு விரட்டிட்டேன்.

எதிர் டீம் கோச்சப் பாத்தீங்களா, மீசக்காரரு? கால் மேல கால் போட்டு உக்காந்திருக்காரு. ஒரு டைம் அவுட் கேக்கல மனுஷன். எதுக்குக் கேக்கணும்? அவருக்கும் சேத்து நான்தான் கேக்கறேனே! அவரு புள்ளைங்க நல்ல ஒசரம், நல்ல ஒடம்பு. ஆனா நம்மளுதுங்க ஓட விட்டதும் அதுங்களுக்கு நாக்குத் தள்ளிருச்சு. முட்டியில கை வச்சுக் குனிஞ்சுக்கிட்டு நிக்குதுங்க. வண்டு திரும்பிப் பாக்கறா, சிரிக்கறா, இதான் சமயம்னு கெளம்பறா... நான் டைம் அவுட். அதுங்க போயி தண்ணி குடிச்சு, மூச்சு வாங்கி, தெம்பா திரும்பி வருதுங்க. மறுபடி நம்மளுது ஓடுது, மறுபடி அதுங்களுக்கு மூச்சு முட்டுது, மறுபடி நான். ஒரு தடவ அந்த மீசக்காரரு என்னைப் பாத்து லேசா தலையக்கூட ஆட்டினாரு. மரியாதைன்னு நெனச்சேன். நன்றிண்ணே அது! நன்றி!

...சரி, சொல்லிடறேன். நீங்க அப்படிப் பாத்தா சொல்லாம இருக்க முடியல. கோட்டத் தாண்டினேன்னு சொன்னேன்ல? கொஞ்சமில்ல. நடு கோர்ட்டுக்கே போயிட்டேன்.

டைம் அவுட் எல்லாம் தீந்து போச்சு. ஏற்கெனவே கத்தினதுக்கு ரெஃப்ரி ஒரு தடவ எச்சரிச்சுட்டாரு. அந்த நேரம் பாத்து வண்டு பந்தப் பறிச்சுக்கிட்டு ஓடறா. முன்னாடி ஒருத்தருமில்ல, காலியா கெடக்கு. எனக்கு என்ன ஆச்சுன்னே தெரியல, ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு "நில்லுடி, நில்லு, மெதுவா!"ன்னு அவ குறுக்க போயி நின்னுட்டேன். அவ என்ன பண்ணா? இடது பக்கம் போற மாதிரி காட்டினா, நானும் இடது பக்கம் சாஞ்சேன். அவ வலது பக்கம் போயிட்டா! சொந்த கோச்சையே ஏமாத்திட்டுப் போயி கூடையில போட்டுட்டா. ஹாலே எந்திரிச்சு நின்னுச்சு. ரெஃப்ரி விசில் ஊதி, அந்தக் கூடை செல்லாதுன்னாரு. அவங்களுக்கு ஒரு சும்மா பாயிண்ட்டு. எனக்குக் கதவு.

வெக்கமா இருக்குண்ணே. அந்த ரெஃப்ரி பாவம், அவர் எடத்துல நான் இருந்தா என்னைத் தூக்கி வெளிய போட்டிருப்பேன். இப்ப ஒரு கூடையில தோத்தா, அது என்னாலதான். அதுங்க படிப்பு என்னால...

அண்ணே? அண்ணே, எங்க போயிட்டீங்க? ...அட, ஹால் வாசல்ல நிக்கறாரு! கதவு இடுக்குல தலைய விட்டுப் பாக்கறாரு. நான் இங்க யாருகிட்ட பேசிட்டிருக்கேன்? இரு, டிரைவர் சீட்ல உக்காந்தா நல்லாத் தெரியும். அண்ணே! என்ன ஸ்கோரு? ...கையால என்னமோ காட்டறாரு. ரெண்டு உள்ளங்கையையும் ஒண்ணா வைக்கறாரு. சமமா? சமம்! பந்து யாருகிட்ட? நம்மகிட்டயா? ஆமான்னு தலைய ஆட்டறாரு. ஐயோ. ஓடக் கூடாதுடி... நேரம் இருக்கு, மெதுவா, எல்லாரும் எடத்துல நின்னு... அதுங்களுக்கு இத யாரு சொல்லுவா? ஒரு தடவ, ஒரே ஒரு தடவ நிறுத்தினா போதும்...

இந்த ஹாரன் அடிச்சா உள்ள வரைக்கும் கேக்கும்.

சீ! கைய எடு. எடு கைய! பாரு, தானாப் போகுது சனியன். இந்தா, தொடைக்கு அடியில வச்சுட்டேன். ரெண்டையும். உக்காந்துட்டேன். ஆடுங்கடி. உங்க ஆட்டத்த ஆடுங்க...

என்ன சத்தத்தையே காணோம்...

அண்ணே குதிக்கறாரு! ரெண்டு கையையும் தூக்கிக் குதிக்கறாரு! செருப்பு ஒண்ணு பறக்குது! ஜெயிச்சுருச்சுங்க... நான் இல்லாம ஜெயிச்சுருச்சுங்க... ஐயோ, அழுக வருதே.

வாடி வண்டு, வா. மெதுவா... இல்ல இல்ல, ஓடி வா, ஓடி வா! என்னடி அப்படிப் பாக்கற? கை தட்டணும்னுதான்டி இருக்கேன். இரு, முடியல... ரெண்டும் மரத்துப் போச்சு.