குளிக்க மறுத்த கடைக்காரர்

பிள்ளைகளா, நாம் குற்றாலத்திலிருந்து திரும்பியது முதல் மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கிறீர்களே, இதைக் கேளுங்கள். எட்டயபுரம் பஸ்ஸில் என் முன் சீட்டில் ஒரு பலசரக்குக் கடைக்காரரும் அவர் கூட்டாளியும் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"குத்தாலத்துலேருந்து வந்த பெறவு நான் குளிக்கவே இல்ல வே," என்றார் கடைக்காரர்.

"அதான் கண்டக்டர் நம்ம பக்கம் வரலையாக்கும்."

"அருவியில நனைஞ்ச உடம்பு. நம்மூரு உப்புத்தண்ணி பட்டா அம்புட்டும் போயிரும். கடையைத் திறக்கவே மனசு வரல. அழுகையா வருது."

"உமக்கு அழுகை. வீட்டுல அவியளுக்கு வாந்தி."

"அவ அம்மா வீட்டுக்குப் போயிட்டா. நான் குளிச்சாத்தான் வருவாளாம்."

"அப்ப குளியும்!"

"குளிச்சா குத்தாலம் முடிஞ்சிரும்லா?"

கூட்டாளி அவர் தோளில் கை போட்டார்.

"அருவியில கத்துன மாதிரி 'ஓ'ன்னு கத்திக்கிட்டே ஊத்தும் வே. முதல் வாளிதான் கஷ்டம்."

"சரி, இன்னைக்கு ஊத்துதேன்," என்று முனகினார் கடைக்காரர்.

அன்று சாயங்காலம், நீங்கள் டியூஷனுக்குப் போனபிறகு, நான் கொல்லையில் நின்று ஒரு வாளி உப்புத்தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு 'ஓ'வென்று கத்தினேன்.