பெரியம்மாவின் இடது தோள்

14 ஒக்டோபர் 2024, திங்கள்.

நேற்றைய குறிப்பில் ஒரு சிறு பிழை. பெரியம்மாவின் கைப்பை நாலு கிலோ என்று எழுதியிருந்தேன். குடையைச் சேர்க்க மறந்துவிட்டேன்.

அந்தப் பையில் காணி உறுதிப்பத்திரம், கடவுச்சீட்டு, எல்லாருடைய பிறப்புச் சான்றிதழ்கள், தாலிக்கொடி எல்லாம் இருக்கின்றன. சண்டைக் காலத்தில் ஊரைவிட்டு ஓடியபோது தொடங்கிய பழக்கம். வெள்ளவத்தை மார்க்கெட்டில் மீன் வாங்கவும் பை கூடவே போகும். அலுமாரியில் வைத்துப் பூட்டச் சொன்னேன்.

"அலுமாரி ஓடி வருமோடா, லவன்?" என்றார்.

அதைச் சுமந்து சுமந்து கழுத்துக்கும் வலது தோளுக்கும் நடுவில் நரம்பு நசுங்கி, விரல்கள் மரத்துவிட்டன. போன வருடம் சத்திரசிகிச்சை செய்து, நரம்பை நெருக்கிய விலா எலும்பை எடுத்தார்கள். இனிப் பாரம் தூக்கக்கூடாது என்றார் டொக்டர். எங்கே போனாலும் தோளிலேயே இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு பை என்னிடம் வந்தது.

கொட்டாஞ்சேனையில் நடக்கும் என் மாலை வகுப்புக்கும் அது வந்தது. கத்தரிப்பூ நிறம், தங்க நிறக் கொளுக்கி. முதல் நாளே பக்கத்து மேசை நப்ரீஸ் கேட்டான்: "என்ன மச்சான், பொண்ணு பாக்கப் போறியா, இல்லாட்டி ஒன்னயப் பொண்ணு பாக்க வாராங்களா?"

வகுப்பே சிரித்தது. முன்வரிசையில் சாம்பவியும் சிரித்தாள். பையைத் திருப்பிக் கொடுத்ததற்கு அது காரணமல்ல. என் தோளும் லேசாக வலித்தது. நரம்பு விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும் அல்லவா.

அன்றிரவு பெரியம்மாவிடம், "வகுப்பில களவு போகுதாம்" என்றேன். அப்படி எதுவும் போகவில்லை.

"ஐயோ, இஞ்ச குடு. தோள் போனாலும் பரவாயில்லை, உறுதி போகக்கூடாது."

அவரே கேட்டு வாங்கினார். நான் வாரைச் சரிசெய்து வலது தோளில் மாட்டிவிட்டது மட்டும்தான். அவருக்கு வலி திரும்பியபோதும் அந்தக் களவுக் கதையை நான் மாற்றவில்லை. போன மாதம் தேநீர்க் கோப்பை அவர் கையிலிருந்து நழுவி விழுந்தது. துண்டுகளை நான்தான் பொறுக்கினேன்.

பழைய வெட்டின் தழும்பில் நரம்பு ஒட்டியிருக்கிறதாம். அதை விடுவிக்க நாளை இரண்டாவது சத்திரசிகிச்சை. இதுவும் பிழையாகிப்போனால் அந்தக் கை திரும்பாது என்றார் டொக்டர்.

"பாரம் ஏதும் தூக்கினவவோ?" என்று என்னைத்தான் கேட்டார்.

"இல்லை, டொக்டர்."

பெரியம்மாவும் தலையாட்டினார். பை அவர் மடியில் இருந்தது. அதை அவர் பாரமாக எண்ணுவதில்லை. ஆகவே நான் சொன்னது முழுப் பொய்யா என்று இன்னும் யோசிக்கிறேன்.

ஆனால் பிழையிலிருந்து பாடம் படிக்க வேண்டும். அந்த வலது தோளில் இனிப் பையை மாட்டவே கூடாது.

நாளைய வேலை: காலை ஆறு மணிக்கு ஆஸ்பத்திரி. திரும்பும் வழியில் காலி வீதிக் கடையில் பைக்கு அகலமான வார் ஒன்று வாங்க வேண்டும். பெரியம்மாவின் இடது தோளில் இதுவரை ஒரு குறையும் இல்லை.