தொட்டியில் மீன் செதில்

இன்சீன் போகும் வட்ட ரயிலில் எதிரே இருவர் தமிழில் பேசிக்கொண்டு வந்தார்கள். முகத்தில் தனக்கா மரப்பட்டைச் சாந்து பூசியிருந்த என்னைப் பர்மாக்காரி என்று நினைத்துவிட்டார்கள். அவர்களைவிட நல்ல தமிழ் பேசுகிறவள் நான்.

"மச்சான், மொட்டமாடியில வச்ச கஞ்சாச் செடி இலையெல்லாம் புள்ளி. நுனியும் கருகிக் கெடக்கு. பூச்சியா?" என்றான் சின்னவன்.

"உரம் கூடிப்போச்சுடா. எத்தன தடவ போட்ட?"

"ஒரு தடவதான். ஆனா தொட்டியில மீன் செதில் கெடக்கு. அது நான் போடல."

"அப்ப மொட்டமாடிக்கு வேற யாரு வர்றா?"

"கீழ்வீட்டு பர்மாக்கார அம்மா, டோ மியா, வருவாங்க. பூச்செடின்னு நெனச்சு மீன் கழுவுன தண்ணிய ஊத்தியிருப்பாங்க."

"அவங்க மகன் போலீசுதான?"

"அவன் பாத்திருந்தா என்னயப் பிடிச்சிருப்பானே."

பெரியவன் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"பூதான காசு. பூக்கட்டும்னு காத்திருக்கானோ என்னவோ."